லோ என்றான் தம்பி

எங்கள் வீட்டில் நான் ஒருத்தியே நாலு பேருக்குப் பேசுவேன். தம்பியோ மூன்று வயது முடிந்தும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுக்கு விட்டுவைக்க வேண்டிய பேச்சையும் வாரிச் சுருட்டிக்கொண்டு நான் முன்னால் பிறந்துவிட்டதாக அத்தை சொல்வாள். அது கேலி என்று புரிய எனக்கு வெகுநாள் ஆனது. அதுவரை, யாரும் பார்க்காத நேரத்தில் தம்பியின் காதருகே போய், "நீயே எடுத்துக்கடா, எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு, அன்று முழுக்கப் பேசாமல் இருக்கப் பார்ப்பேன். மத்தியானச் சாப்பாடு வரைக்கும்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது.

ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெரு ஒன்றில் எங்கள் வீடு. கீழே அம்மாவும் நானும் தம்பியும். மாடியில் அப்பாவின் அக்கா. அப்பா பிரான்சில் இருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊரை விட்டுப் போன சமயத்தில் தாத்தா வாங்கிவைத்த பிரெஞ்சுக் குடியுரிமை அவருக்கும் வந்து, அங்கே ஒரு பெரிய கிடங்கில் வேலையும் கிடைத்திருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை சாக்லேட்டும் சென்ட் பாட்டிலுமாக வருவார். குடியேற எங்களுக்கும் பேப்பர் வந்துவிட்டால் எல்லோருமாக அங்கே போய்விடுவோம் என்பது எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து வீட்டில் நடக்கும் பேச்சு. பள்ளியில் எந்தச் சண்டையில் தோற்றாலும், "நான்தான் பிரான்ஸ் போயிடுவேனே" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து நடந்து வருவேன்.

அத்தையின் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அவரோடு சில காலம் அத்தை அங்கே குடித்தனம் நடத்தியிருக்கிறாள். அவர் இறந்துபோன பிறகு பென்ஷனோடு ஊருக்கு வந்து எங்கள் மாடியில் தங்கிவிட்டாள். பிள்ளை இல்லை. காலையில் பார்த்தால் பொன்ழூர், காபி கொடுத்தால் மெர்சி, தண்ணீருக்கு லோ என்று அவள் பேச்சில் அங்கங்கே பிரெஞ்சு எட்டிப்பார்க்கும். அம்மா விழுப்புரம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். கல்யாணமாகி வந்த புதிதில் அத்தை "கொஞ்சம் லோ" என்று கேட்க, அம்மா ஓடிப்போய் ஃபேன் வேகத்தைக் குறைத்துவிட்டு வந்து நின்றாளாம். அத்தை இதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

தம்பியை மத்தியானத்தில் குளிப்பாட்டுவது அத்தையின் வேலை. தலையில் தண்ணீர் பட்டாலே தெருக்கோடி வரை கேட்கும்படி அலறுகிறவன், அத்தை "லோ வருது, லோ வருது" என்று ராகம் போட்டுச் சொம்பைச் சாய்த்தால் மட்டும் அடங்கி உட்காருவான். வேறு யார் ஊற்றினாலும் ஊரைக் கூட்டிவிடுவான்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அம்மா பல தடவை அலைந்தாள். கடைசியில் டாக்டர் ஆட்டிசம் என்று சொன்னார். ஆட்டோவில் திரும்பும்போது அம்மா அந்த வார்த்தையை உதட்டுக்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். அன்று ராத்திரி போனில் அப்பாவிடம் அதைச் சொல்ல வேண்டுமே, அதற்காக. அப்பா கோபப்படவில்லை. அவருக்குள் முன்பே கணக்குப் போட்டு வைத்ததைப் போல நிதானமாகச் சொன்னார்.

"மொதல்ல நீயும் பாப்பாவும் வாங்க. அவன் அக்காகிட்ட இருக்கட்டும். பேச ஆரம்பிச்சதும் வந்து கூட்டிக்கலாம்."

"பேசினா கூட்டிக்குவீங்களா?" என்றாள் அம்மா.

"பேசட்டும். பார்க்கலாம்."

அத்தைக்கும் இது சரியென்றே பட்டது. தெரியாத ஊரில், குளிரில், ஒரு சொல் பேசாத பிள்ளை என்ன செய்வான், நான் பார்த்துக்கொள்ளமாட்டேனா என்று கேட்டாள். அவள் கேட்டதில் வஞ்சனை எதுவும் இல்லை. அவளுக்கு அவன் வேண்டியிருந்தான். அம்மா மட்டும், அவனை விட்டுவிட்டு நான் எந்த ஊருக்கும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுச் சோறு வடிக்கப் போனாள். அதற்குப் பிறகு எங்கள் நாலு பேரும் ஒன்றாக இருப்பதும் இல்லாததும் தம்பியின் வாயில் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மிஸ் வர ஆரம்பித்தார். சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுப்பவர். ஸ்கூட்டரில் வந்து இறங்கி, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, நேராகத் தரையில் உட்கார்ந்துவிடுவார். தம்பிக்குப் பாடம் நடத்துவார் என்று நான் சிலேட்டெல்லாம் எடுத்துவைத்திருந்தேன். அவரோ அம்மாவுக்குத்தான் பாடம் நடத்தினார். "நான் எப்பவோ வந்துட்டுப் போறவ. மீதி நேரமெல்லாம் நீங்கதான் அவனுக்கு மிஸ், அக்கா" என்றார்.

அம்மா நன்றாகப் படித்தாள். அவன் முகத்துக்கு நேராக, அவன் உயரத்துக்குக் குனிந்து உட்கார வேண்டும். இது என்ன, அது என்ன என்று கேட்டு நச்சரிக்கக் கூடாது. அவன் கார் சக்கரத்தைச் சுற்றினால் நாமும் கூட உட்கார்ந்து சுற்ற வேண்டும். நீளமாகப் பேசாமல் ஒற்றைச் சொல்லாகப் பேச வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவனுக்குப் பிடித்த பொருளைக் கேட்காமல் கையில் கொடுத்துவிடக் கூடாது. "கண்ணுல படணும், கைக்கு எட்டக் கூடாது" என்பார் மிஸ். அவன் நம்மைப் பார்த்தோ ஒரு சத்தம் எழுப்பியோ கேட்கிற வரை காத்திருக்க வேண்டும். கேட்டால் அந்த நொடியே கொடுத்துவிட வேண்டும்.

இதனால் பிஸ்கட் டப்பா அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. அது எனக்கும் எட்டாது என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. நானும் கண்ணால் பார்த்து, சத்தமெழுப்பி, தெளிவான தமிழில் கேட்டும் பார்த்தேன். தம்பிக்கு இருந்த சட்டம் எனக்கு இல்லை.

தண்ணீரிலும் இதே முறைதான். தாகமெடுத்தால் தம்பி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப்போய் ஃபில்டரின் மேல் வைப்பான். முகத்தைப் பார்க்கமாட்டான். ஏதோ ஒரு கரண்டியைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரிதான் அந்தக் கையைக் கொண்டுபோவான். அம்மா டம்ளரை நிரப்பித் தன் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு "தண்ணி" என்பாள். காத்திருப்பாள். அவன் சிணுங்குவான், தரையில் விழுந்து புரளுவான். அம்மா மறுபடியும் "தண்ணி" என்பாள். அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நிற்கும். பெற்ற பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்க இவ்வளவு யோசிக்கும் அம்மாவை நான் அப்போது பொல்லாதவள் என்றே நினைத்தேன்.

ஒரு பொருளுக்கு வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும் என்பதையும் மிஸ் சொல்லியிருந்தார். அத்தை இதற்கு மட்டும் மசியவில்லை. "பிரான்ஸ் போற புள்ளதான, லோன்னு தெரிஞ்சா என்ன கெட்டுப்போச்சு" என்றாள். மிஸ் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார்.

அவன் அப்பாவை எப்போது கூப்பிடுவான் என்று அம்மா ஒருநாள் மிஸ்ஸிடம் கேட்டாள்.

"மொதல்ல பொருளத்தான் கேப்பாங்க அக்கா. ஆளக் கேக்க நாளாகும். ஆனா கேப்பான்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா வீடியோவில் வருவார். நான் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்காருவேன். அம்மா ஃபிரிட்ஜ் அருகில் மண்டிபோட்டு, அவன் முகத்துக்கு நேராக போனைப் பிடித்துக்கொள்வாள். அப்பா வாய் வலிக்க அவனைக் கூப்பிடுவார். அவன் போனைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்ப்பான். அப்படி ஒரு ஞாயிறு, அம்மா தனக்குக் குடிக்க எடுத்த தண்ணீர் டம்ளரை ஃபிரிட்ஜின் மேல் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். தம்பி திடீரென்று முதுகை நிமிர்த்தினான். போன் இருந்த பக்கமாகப் பார்த்தான்.

"லோ" என்றான்.

அவன் வாயிலிருந்து நான் கேட்ட முதல் சொல். போனுக்குள் அப்பா எழுந்தே நின்றுவிட்டார். "ஹலோ சொல்றான். ஏய், எங்கிட்ட ஹலோ சொல்றான் பாரு" என்று சொல்லிக்கொண்டே அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அம்மா கழுத்தைத் திருப்பித் தன் பின்னால் ஃபிரிட்ஜின் மேலே பார்த்தாள். தன் கண்ணீரை அப்பாவிடம் மறைக்கிறாள் என்று நினைத்தேன். கொஞ்சம் கழித்துத் திரும்பினாள்.

"ஆமாங்க. ஹலோதான் சொல்றான்" என்றாள்.

போன் அணைந்ததும் அந்த டம்ளரை எடுத்துத் தம்பியிடம் கொடுத்தாள். அவன் மூச்சுவிடாமல் குடித்தான். அவள் அவன் தலையை மார்போடு அணைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அப்பா வரும் நேரத்துக்கு முன்னால் அம்மா டம்ளரைத் துலக்கி, தளும்பத் தளும்பத் தண்ணீர் ஊற்றி ஃபிரிட்ஜின் மேல் வைப்பாள். எதற்கு என்று கேட்டேன். பேசிப் பேசித் தொண்டை வறண்டுவிடுகிறது என்றாள். நல்ல காரணமாகத்தான் இருந்தது. தம்பி பார்ப்பான், "லோ" என்பான். அப்பா கையை ஆட்டி ஆட்டி, "ஹலோ கண்ணா, ஹலோ, ஹலோ" என்பார். பதிலுக்குப் பதிலாக அது கொஞ்ச நேரம் நடக்கும். நாளடைவில் தம்பி அந்தக் கையாட்டலையும் பார்க்கத் தொடங்கினான்.

விஷயம் கேள்விப்பட்டு அத்தையும் ஒரு ஞாயிறு கீழே இறங்கி வந்தாள். தம்பி "லோ" என்றதும் அவள் முகம் மலர்ந்தது. பிறகு ஃபிரிட்ஜைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மா நிமிரவில்லை. எதற்கும் ஒரு கருத்து வைத்திருக்கும் அத்தை அன்று அதிசயமாக ஒன்றும் சொல்லாமல் மாடிக்குப் போய்விட்டாள்.

நாலு பேருக்கும் சேர்த்துப் பேப்பர் போடப்போவதாக அப்பா சொன்னார். லீவு எடுத்துக்கொண்டு வந்து, ஆக வேண்டியதைப் பார்த்து, எல்லோரையும் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். நான் வகுப்பில் யாருக்கு என் பென்சில் பெட்டி, யாருக்கு என் சைக்கிள் என்று பங்கு பிரித்துவிட்டேன். அம்மாதான் சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் சோறு இறங்காமல் இருந்தாள். கடையிலிருந்து ஒரு பொம்மை போன் வாங்கிவந்து தம்பியின் காதில் வைத்து "ஹலோ, ஹலோ" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தாள். அவன் அதைத் திருப்பி, அடியில் இருந்த சக்கரத்தைச் சுற்றினான். மிஸ் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"எதுக்குக்கா இவ்ளோ அவசரம்? நல்லாதான வந்துட்டிருக்கான்."

 பொம்மை போனை எடுத்து மறுபடியும் அவன் காதில் வைத்தாள்.

அப்பா வந்து இறங்கினார். வாசலிலேயே முட்டிபோட்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு "ஹலோ கண்ணா" என்றார். தம்பி அவர் கைக்கு அடியில் நுழைந்து வெளியே போய், பெட்டியின் சக்கரத்தைச் சுற்ற உட்கார்ந்துவிட்டான். அப்பா சிரித்தார். புது ஆள் என்று வெட்கப்படுகிறான் என்றார். சாயங்காலம் பக்கத்து அறைக்குப் போய் அங்கிருந்து வீடியோவில் கூப்பிட்டுப் பார்த்தார். நான் போனைக் காட்டினேன். தம்பி பார்க்கவில்லை. அடுத்த நாளும் கூப்பிட்டார். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை. அப்பாவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

இரண்டொரு நாள் கழித்து ஒரு மத்தியானம், அப்பா அடுப்படியில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். தம்பி வந்து அவர் எதிரே நின்றான். டம்ளரைப் பார்த்தான்.

"லோ" என்றான்.

அப்பா குடிப்பதை நிறுத்தினார். அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவர் அவர். வேறு எந்த ஊர் அப்பாவாக இருந்தாலும் இன்னும் கொஞ்ச நாள் ஹலோ என்றே நினைத்துக்கொண்டிருந்திருப்பார். டம்ளரை நிரப்பி நீட்டினார். தம்பி குடித்துவிட்டு மறுபடியும் "லோ" என்றான். மறுபடியும் கொடுத்தார். அவன் வாயைத் துடைத்துக்கொண்டு போன பிறகு அப்பா அப்படியே அடுப்படித் தரையில் உட்கார்ந்தார்.

"எத்தன நாளா ஒனக்குத் தெரியும்?"

"மொத நாளே தெரியும்" என்றாள் அம்மா.

"என்னத்தான் கூப்பிடறான்னு நெனச்சிட்டிருந்தேன்."

அம்மா அரிவாள்மணையைச் சாய்த்து வைத்தாள். "தண்ணி கேட்டதும் பேச்சுதாங்க" என்றாள். "கேட்டான் இல்ல. அவனா பாத்து, அவனா கேட்டான்."

அப்பா எழுந்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். சண்டை வரும் என்று நான் கதவுக்குப் பின்னால் பயந்துகொண்டு நின்றேன். சண்டை வந்திருந்தாலாவது தேவலை என்று இப்போது தோன்றுகிறது. லீவு முடியும் வரை அவர் எல்லோரிடமும் நன்றாகத்தான் பேசினார். தம்பியைக் கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு போனார். பேப்பர் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. பிறகு ஒரு நாள் தனியாகக் கிளம்பிப் போனார். என் சைக்கிளை நான் யாருக்கும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அத்தை அன்றிலிருந்து குளிப்பாட்டும்போது "தண்ணி வருது, தண்ணி வருது" என்றாள். தம்பி தெருக்கோடி வரை அலறினான். அவளும் அழுதுகொண்டேதான் ஊற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமைகள் வந்துகொண்டுதான் இருந்தன. அம்மா அப்பாவோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் பின்கட்டில் துணி துவைக்கப் போய்விடுவாள். ஃபிரிட்ஜின் மேல் இப்போது டம்ளர் இருக்காது. பழைய பிளாஸ்டிக் டப்பாக்களை அடுக்கி வைத்திருந்தாள். அப்பா என் படிப்பைக் கேட்பார், மழை பெய்ததா என்று கேட்பார். தம்பியைக் கூப்பிடு என்று சொல்வதை எப்போதோ விட்டுவிட்டிருந்தார்.

அப்படி ஒரு ஞாயிறு நான் பேசிக்கொண்டிருந்தபோது, தம்பி கையிலிருந்த காரைக் கீழே போட்டுவிட்டுத் தானாக எழுந்து வந்தான். யாரும் கூப்பிடவில்லை. என் மடியில் தானே ஏறி உட்கார்ந்து, போனுக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுபோனான். உள்ளே தெரிந்த அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

"லோ" என்றான். ஒரு கையை லேசாக உயர்த்தி வைத்துக்கொண்டான்.

அப்பா களைத்துப்போய் இருந்தார். அங்கே மத்தியான ஷிஃப்டுக்குக் கிளம்புகிற அவசரம் வேறு. "தண்ணி கேக்கறான் பாரும்மா, எடுத்துக் குடு" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார்.

அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது நன்றாகத் தெரியும். தெரிந்ததைச் செய்துகாட்டக் கிடைத்த வாய்ப்பு. கேட்ட நொடியே கொடுக்க வேண்டும் என்று மிஸ் சொல்லியிருக்கிறாரே. அவனை இறக்கிவிட்டு, ஓடிப்போய் அதே டம்ளரில் நிரப்பிக்கொண்டு வந்து நீட்டினேன். அவன் தட்டிவிட்டான். தண்ணீர் பாயெல்லாம் கொட்டியது. அணைந்துபோன போனைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு மறுபடியும் "லோ" என்றான். அதன் எதிரே அசையாமல், மிஸ் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே காத்திருந்தான்.

நான் முனகிக்கொண்டே துணி எடுத்துவந்து தரையைத் துடைத்தேன். பாயைப் பின்கட்டுக்கு எடுத்துப்போய்க் காயப்போட்டேன். என்ன ஆச்சு என்று அம்மா கேட்டாள். ஒன்றுமில்லை, தம்பி தண்ணீர் கேட்டான், கொடுத்தால் கொட்டிவிட்டான் என்று சொன்னேன். தாகமே இல்லாதவன் எதற்காகத் தண்ணீர் கேட்டான் என்று எனக்கு அன்று தோன்றவில்லை.